எடுக்க முடியாத விடுப்பு

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஷா ஆலாம், கிள்ளான் வட்டாரங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளில் சிக்கித் தவித்தவர்களை மீட்கும் பணியில் இராணுவ வீரர்களும் இறங்கினர். டிசம்பர், பலரும் எஞ்சிய ஆண்டு விடுப்பை எடுத்து முடிக்கும் மாதம். வெள்ளப் பணிக்கு அழைக்கப்படும் வீரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெள்ளம் வடிந்து அவர் முகாமுக்குத் திரும்புவதற்குள் ஆண்டே முடிந்துவிடக்கூடும். அப்படியானால், அவருக்குரிய விடுப்பு நாள்கள் என்னவாகும்?

ஆண்டு விடுப்பும் சம்பளத்தைப் போலவே உழைப்புக்கு ஈடாகக் கிடைப்பது. ஆகவே, எடுக்க முடியாமற்போனாலும் அதற்கு மதிப்பு உண்டு. மலேசியாவில் அரசு ஊழியர்களும் ஆயுதப் படையினரும் இத்தகைய நாள்களைச் சேர்த்துவைத்து, பணி ஓய்வு பெறும்போது பணமாகப் பெறலாம். ஆண்டு விடுப்புக்கு மாற்றாக வழங்கப்படும் இந்த ரொக்கத் தொகையை அலுவலகங்களில் 'ஜி.சி.ஆர்.' என்று சுருக்கமாக அழைப்பர். ஓய்வூதியம் மாதந்தோறும் வரும். இத்தொகையோ மாதந்தோறும் வருவதன்று.

இங்கு ஒரு சொல்லைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'எடுக்காத' விடுப்பு வேறு, 'எடுக்க முடியாத' விடுப்பு வேறு. ஒருவர் தம் விருப்பப்படி விடுப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, இறுதியில் அதைப் பணமாகக் கேட்க இயலாது. பணித்தேவையின் காரணமாகவே விடுப்பு எடுக்க முடியவில்லை என்பதை மேலதிகாரி உறுதிப்படுத்த வேண்டும். அந்த நாள்கள் அவ்வப்போது பணிப்பதிவேட்டிலும் பதிவாக வேண்டும். ஓர் ஆண்டில் எத்தனை நாள் சேர்க்கலாம், பணிக்காலம் முழுவதும் எத்தனை நாள் சேர்க்கலாம் என்பவற்றுக்கும் வரம்புகள் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் பதிவாகாமல் விடுபட்ட ஒரு வாரத்தை ஓய்வு பெறும் நேரத்தில் மெய்ப்பிப்பது எளிதன்று. அன்றைய அதிகாரி ஓய்வு பெற்றிருப்பார்; முகாமும் மாறியிருக்கும்.

படையினருக்கு இந்நிலை அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை. 2007ஆம் ஆண்டு முதல் மலேசியப் படையினர் ஐக்கிய நாட்டு அமைதிப் படையில் சேர்ந்து லெபனானில் பணியாற்றி வருகின்றனர். சபாவின் கிழக்குக் கரையில் காவல் பணி உண்டு. ஆண்டிறுதியில் கிழக்குக்கரை மாநிலங்களில் வெள்ளப் பணியும் உண்டு. தீபாவளிக்குக் கிள்ளானில் உள்ள வீட்டிற்கு வர முடியாத ஒரு வீரரின் விடுப்பு நாள்கள், பதிவேட்டில் வெறும் எண்ணாக நிற்கும்.

அந்த எண்ணைப் பணமாக மாற்றும் கணக்கு எளியது. இறுதியாகப் பெற்ற மாதச் சம்பளத்தையும் நிலையான படிகளையும் கூட்டி, அதை 30ஆல் வகுத்து, சேர்த்த நாள்களால் பெருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கிள்ளானைச் சேர்ந்த ஒரு சார்ஜனின் இறுதிச் சம்பளமும் நிலையான படிகளும் சேர்ந்து 3,600 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் மதிப்பு 120 ரிங்கிட் ஆகும். 90 நாள்களைச் சேர்த்திருந்தால் அவருக்கு 10,800 ரிங்கிட் கிடைக்கும். இளம் வீரராகக் குறைந்த சம்பளம் வாங்கிய காலத்தில் இழந்த நாளுக்கும் இறுதிச் சம்பளத்தின்படியே விலை கிடைக்கிறது. நெடுங்காலம் பணியாற்றியவருக்கு இது நல்ல ஏற்பாடு.

தனியார் துறையில் நிலைமை வேறு. பிரிக்பீல்ட்சில் ஒரு கடையில் வேலை செய்பவருக்கு 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பொருந்தும். அச்சட்டப்படி, பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் நிறையும் வரை ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள் விடுப்பு உண்டு. பிறகு ஐந்து ஆண்டுகள் நிறையும் வரை 12 நாள். அதற்கு மேல் 16 நாள். வேலை முடிவுக்கு வரும்போது எஞ்சியுள்ள நாள்களுக்குப் பணம் பெறலாம். அங்கே மாதச் சம்பளத்தை 26ஆல் வகுப்பர். வார ஓய்வு நாள்கள் கணக்கில் வருவதில்லை. அதே 3,600 ரிங்கிட் சம்பளத்திற்கு ஒரு நாளின் மதிப்பு ஏறக்குறைய 138 ரிங்கிட். ஆனால், உரிய காலத்தில் எடுக்காத விடுப்பு பொதுவாகக் காலாவதியாகிவிடும். பல்லாண்டுகளுக்குச் சேர்த்துவைக்க இச்சட்டம் வழி செய்யவில்லை. நாள் மதிப்பை மட்டும் ஒப்பிட்டு எது சிறந்தது என்று கூறிவிட முடியாது.

பிற நாட்டுப் படைகளிலும் இவ்வழக்கம் உண்டு. இந்திய இராணுவத்தில் ஓய்வு பெறுவோர் 300 நாள்கள் வரையிலான விடுப்பைப் பணமாக்கலாம். அமெரிக்கப் படையினர் ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு பெறுகின்றனர். ஆனால், பணிக்காலம் முழுவதற்கும் 60 நாளுக்கு மட்டுமே பணம் பெறலாம். அவர்களில் பலர், பணி முடியும் முன்னரே எஞ்சிய விடுப்பை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகின்றனர். அந்நாள்களில் சம்பளம் முழுமையாகத் தொடர்கிறது. புதிய வேலையும் தேடலாம்.

நம் நாட்டில், படையிலிருந்து விலகுவோர்க்கு வேறு தொழில் கற்றுத்தரும் 'பெர்ஹெபாட்' எனும் அமைப்பு சுங்கை பூலோவில் இயங்குகிறது. நாற்பது வயதை ஒட்டி ஓய்வு பெறும் வீரர் பலருக்கு வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் எஞ்சியிருக்கும். அப்பொழுது விடுப்புக்கான தொகை எவ்வளவு என்பது குடும்பத்தில் முக்கியமான பேச்சாகிறது. மருத்துவ விடுப்பு இக்கணக்கில் சேராது. ஆண்டு விடுப்பு மட்டுமே சேரும். எனவே, ஓய்வுக்கான விண்ணப்பம் எழுதும் முன், பதிவேட்டை ஆண்டு வாரியாகச் சரிபார்ப்பது வழக்கம்.