30 வயதிலும் கண்டறியலாம் கற்றல் குறைபாடு: சான்றிதழ் பெறுவதில் என்ன சிக்கல்?

மைசூரு: பிள்ளையின் வாசிப்புச் சிக்கலுக்காக மருத்துவ உளவியலாளரைச் சந்திக்கும் பெற்றோரில் சிலர், அங்கு கேட்கப்படும் கேள்விகள் தங்களது பள்ளிப் பருவத்துக்கும் பொருந்துவதை உணர்கின்றனர். கற்றல் குறைபாடு குடும்ப வழியில் தொடரக்கூடியது என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் 30, 40 வயதில் அதை உறுதிசெய்து சான்றிதழ் பெறுவது எளிதன்று.

எழுத்தை ஒலியுடன் இணைப்பதில் ஏற்படும் தடுமாற்றம் டிஸ்லெக்சியா எனப்படுகிறது. எழுதுவதில் ஏற்படுவது டிஸ்கிராஃபியா, கணக்கில் ஏற்படுவது டிஸ்கால்குலியா. இவை அறிவுத்திறன் குறைவால் வருவன அல்ல. 'மக்கு', 'சோம்பேறி' என்று பெயர் வாங்கி வளர்ந்தவர்கள், பாடத்தை மனப்பாடம் செய்வது, படிவங்களைப் பிறரிடம் கொடுத்து நிரப்புவது எனத் தாமே வழி கண்டுபிடித்துச் சமாளிக்கின்றனர். அந்தச் சாமர்த்தியமே குறைபாட்டை மறைத்தும் விடுகிறது.

சட்டம் சொல்வது என்ன?

1995-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெற்ற 7 வகைகளில் கற்றல் குறைபாடு இல்லை. 2016-ம் ஆண்டு சட்டமே 21 வகைகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அதற்கு முன் பள்ளியை முடித்தவர்களுக்கு இச்சட்டம் தாமதமாகவே வந்தது.

2018 ஜனவரி 4-ல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டுதல், 3-ம் வகுப்பில் அல்லது 8 வயதில் ஆசிரியர்கள் முதற்கட்டமாகக் கண்டறிய வேண்டும் என்றது. சான்றிதழை 14, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும். 18 வயதில் தரப்படுவது வாழ்நாள் முழுவதும் செல்லும். அதற்கெனக் குறிப்பிடப்பட்ட பெங்களூரு நிம்ஹான்ஸின் சோதனைத் தொகுப்போ 5 முதல் 12 வயது வரையிலான சிறுவர்களுக்காக உருவாக்கப்பட்டது. வேலைக்குப் போகும் ஒருவரை அதே அளவுகோலால் அளப்பது எவ்வளவு துல்லியமாக இருக்கும் என்பதே கேள்வி.

சான்றிதழ் வெறும் காகிதம் அன்று. 40 சதவீதக் குறைபாடு உறுதியானால், அரசுப் பணியில் 4 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கோரலாம். போட்டித் தேர்வில் சொல்வதை எழுதுபவரின் உதவி அல்லது மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் பெறவும் வழி உண்டு.

எந்த மொழியில் சோதிப்பது?

மைசூரு மானசகங்கோத்ரியில் 1965 முதல் இயங்கும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தின் ஆய்வுகளில், கன்னட வாசிப்பை அளக்கும் சோதனைகள் உருவாகியுள்ளன. இதன் தேவை பெரிது. கன்னடத்தில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆங்கிலத்தில் அப்படியல்ல. (தமிழில் ஒரே 'க' பல ஒலிகளைச் சுமந்தாலும், ஆங்கிலம் அளவுக்குக் குழப்பம் இல்லை.) எனவே தாய்மொழியில் மெதுவாகவேனும் பிழையின்றிப் படிப்பவர், ஆங்கிலத்தில் முற்றிலும் திணறலாம். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் பழக்கக் குறைவு குறைபாடாகத் தோன்றும்; தாய்மொழியில் மட்டும் சோதித்தால் உண்மையான குறைபாடே தப்பிவிடும்.

பரிசோதனைக்கு முன் பார்வை, செவித்திறன் சிக்கல்கள் இல்லை என உறுதிசெய்யப்படும். அறிவுத்திறனும் அளக்கப்படும். அமெரிக்க உளவியல் மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு, 17 வயதைக் கடந்தவர்களுக்கு, ஆவணப்படுத்தப்பட்ட கற்றல் சிக்கல் வரலாற்றையே சோதனைக்கு மாற்றாக ஏற்கலாம் என்கிறது. ஆகவே பழைய மதிப்பெண் அட்டைகள், ஆசிரியர் குறிப்புகள், பள்ளி நோட்டுப் புத்தகங்கள் கைவசம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே எடுத்துச் செல்வது நல்லது.