தென்சென்னைப் புறநகர் ஆய்வுகளும் மின்தளங்களின் வகைகளும்: சான்றின் இயல்பை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆய்வாளர் இன்று நூலகத்தின் படியேறுவதற்கு முன்பே மின்தளங்களை நாடுகின்றார். ஆயினும் எல்லாத் தளங்களும் ஒரே பணியைச் செய்வதில்லை. சில தளங்கள் நூலைக் காக்கின்றன. சில சொல்லைத் தேடித் தருகின்றன. சில பொதுமக்களின் கண்டறிதல்களைத் திரட்டுகின்றன. சில இடத்தை வரைந்து காட்டுகின்றன. தாம்பரம் முதல் பள்ளிக்கரணை வரையிலான தென்சென்னைப் புறநகர்ப் பகுதியைக் களமாகக் கொண்டு, தமிழியல், சித்த மருத்துவம், சூழலியல், நீரியல் ஆகிய துறைகளுக்கு எவ்வகைத் தளம் எவ்வாறு துணைபுரிகின்றது என்பதையும், அத்துணை எங்கே குறைவுபடுகின்றது என்பதையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: மின்தளம், தாம்பரம், பள்ளிக்கரணை, மின்னூலகம், சித்த மருத்துவம், வரைபடம், ஊர்ப்பெயர்

முன்னுரை

தென்சென்னைப் புறநகரைப் பலர் குடியிருப்புகளின் தொகுப்பாகவே கருதுவர். ஆய்வு நோக்கில் அது பல துறைகள் சந்திக்கும் களமாகும். 1863ஆம் ஆண்டு மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இடம் பல்லாவரம். முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பெற்ற குடைவரையும் அவ்வூரிலேயே உள்ளது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் தாம்பரம் சானடோரியத்தில் திறந்துவைக்கப்பட்டது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும், பெரும்பாக்கத்தில் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் இயங்குகின்றன. இவற்றிற்கிடையே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பரந்துள்ளது.

இத்தனை துறைகளின் சான்றுகளும் ஓரிடத்தில் குவிந்திருந்தும், அவை வெவ்வேறு தளங்களில் பிரிந்து கிடக்கின்றன. சான்றின் இயல்புக்கு ஏற்ற தளத்தைத் தேர்ந்துகொள்ளாத ஆய்வு, பிழையான முடிவுக்குச் செல்லும் என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

1. நூல்சார் தளங்கள்: படமும் எழுத்தும்

தமிழ் நூல்களை வழங்கும் தளங்களை இரு வகையாகப் பகுக்கலாம். முதல் வகை, நூலின் பக்கங்களைப் படமாகத் தருவது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகமும், 2005இல் தொடங்கப்பெற்று ஈழத்து ஆவணங்களைத் திரட்டும் நூலகம் தளமும் இவ்வகையின. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையுடன் 1994இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், நுண்படச் சுருளாகவும் பின்னர் எண்ணிமப் படமாகவும் நூல்களைக் காத்துவருவதும் இந்நெறியிலேயே அடங்கும். இரண்டாம் வகை, நூலின் பாடத்தைத் தட்டச்சு செய்து எழுத்தாகத் தருவது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்று, உலகெங்கும் பரவியுள்ள தன்னார்வலர்களால் வளர்ந்த மதுரைத் திட்டம் இதற்குச் சான்றாகும்.

இவ்விரு வகைகளும் ஒன்றுக்கொன்று மாற்றாக அமைவதில்லை. பதிப்பு வரலாற்றை ஆராய்பவருக்கு முகப்புப் பக்கம், விலை, அச்சகத்தின் பெயர், சாற்றுகவிகள், பின்னட்டை விளம்பரம் ஆகியன இன்றியமையாதவை. எழுத்து வடிவத் தளத்தில் இவை பெரும்பாலும் விடுபட்டுப்போகும். சொல்லாட்சியை ஆராய்பவருக்கோ படத்தால் பயன் குறைவு. ஆயிரம் பக்கங்களையும் கண்ணாலேயே தேட வேண்டியிருக்கும்.

எழுத்து வடிவத் தளத்திலும் தமிழின் இயல்பால் ஓர் இடர் உண்டு. ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்தின்’, ‘குளத்தை’ என வரும் இடங்கள் அகப்படுவதில்லை. செய்யுளில் சீர் பிரிப்பால் சொல் இரண்டாக முறிந்து நிற்கும். புணர்ச்சியால் முதலெழுத்து மறையும். எனவே ‘இந்நூலில் இச்சொல் இத்தனை முறை பயின்றுள்ளது’ என்று தேடுபொறியின் எண்ணிக்கையை மட்டும் நம்பிக் கூறுவது பொருந்தாது. புறநகர் நீர்நிலைகளைப் பற்றிய இலக்கிய, கல்வெட்டுக் குறிப்புகளைத் திரட்டுவோர் ஏரி, குளம், தாங்கல், மடு, ஏந்தல் என்னும் சொற்களை அவற்றின் திரிபு வடிவங்களோடு தனித்தனியே தேடுதல் வேண்டும்.

2. ஆய்வேட்டுத் தளம்: இருந்தும் கிடைக்காமை

ஆய்வேடுகளை மின்வடிவிலும் ஒப்படைக்க வேண்டும் என்பதை 2009ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் வலியுறுத்தின. அதன்வழி, காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா தளம் வளர்ந்தது. பல்கலைக்கழக நூலகங்களின் அடுக்குகளில் உறங்கிய ஆய்வேடுகள் சிற்றூர்க் கல்லூரி மாணவருக்கும் எட்டும் நிலையை இத்தளம் உருவாக்கியது.

எனினும் தமிழில் எழுதப்பெற்ற ஆய்வேடுகள் பல, ஒருங்குறி பரவுவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்றவை. அக்கோப்பு திரையில் தமிழாகத் தோன்றினும், கணினிக்கு அது பொருளற்ற உரோமன் எழுத்துக் கோவையே ஆகும். ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துருக் குறியீட்டையும் தமிழ்நாடு அரசு 2010இல் தரமாக அறிவித்த பின்னரும், பழைய எழுத்துருக்களின் பயன்பாடு உடனே அற்றுப்போய்விடவில்லை. படமாக வருடப்பெற்ற ஆய்வேடுகளின் நிலையும் இதுவே. இதனால் தேடுபொறி தலைப்பை மட்டுமே அறியும், உள்ளடக்கத்தை அறியாது.

இதன் விளைவு சிறிதன்று. ஓர் ஊரின் நாட்டார் வழக்காற்றை ஆராய்ந்த ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் அவ்வூர் ஏரியின் மதகு, கலங்கல், வாய்க்கால் பற்றி முதியோர் கூறிய செய்திகள் இடம்பெற்றிருக்கக்கூடும். தலைப்பில் ‘ஏரி’ என்னும் சொல் இல்லையாயின் நீரியல் ஆய்வாளர் அதனை ஒருபோதும் காணமாட்டார். தகவல் கூறிய முதியோர் மறைந்துவிட்ட நிலையில், அச்செய்தி தளத்தில் இருந்தும் இல்லாததாகின்றது.

3. சித்த மருத்துவம்: காப்புத் தளமும் ஆய்வுத் தளமும்

சில தளங்களின் முதல் நோக்கம் பரப்புதல் அன்று, காத்தல் ஆகும். மஞ்சளின் புண் ஆற்றும் இயல்புக்கு அமெரிக்காவில் வழங்கப்பெற்ற காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் முறையீட்டால் 1997இல் நீக்கப்பட்டது. இவ்வகை நிகழ்வுகளின் பின்னணியில் 2001இல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பெற்றது. ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றோடு சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகளும் அதில் வகைப்படுத்தப்பட்டு, ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், ஸ்பானியம், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தரப்பட்டுள்ளன. காப்புரிமை ஆய்வாளர் ஒருவர் தம் மொழியிலேயே ‘இது முன்பே அறியப்பட்டது’ என உணர்தல் இதன் நோக்கம்.

இந்நோக்கிற்கு அவ்வடிவம் பொருத்தமானதே. ஆயின் தாம்பரத்தில் குணபாடம் பயிலும் பட்டமேற்படிப்பு மாணவரின் தேவை வேறு. அவருக்கு மூலச்செய்யுள், அதன் பாடவேறுபாடு, குழூஉக்குறியின் பொருள் ஆகியவை வேண்டும். கரிசலாங்கண்ணி, கரிசாலை, கையாந்தகரை என ஒரே மூலிகை பல பெயர்களில் வழங்கும். ஒரே பெயர் இரு மூலிகைகளைச் சுட்டுவதும் உண்டு. எந்தச் சுவடி எந்தப் பெயரைக் கொண்டது என்பது மருந்தின் அடையாளத்தையே மாற்றக்கூடியது. மேலும், மரபறிவு மின்னூலகம் நெடுங்காலம் காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. பிற பயனாளர்க்கும் விரிவாக்க 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தமிழ்ச் செய்யுளிலிருந்து பிறந்த அறிவு ஐந்து மொழிகளில் ஒழுங்குற அமைந்திருக்க, அதன் மூலத்தைக் காண மாணவர் சுவடி நூலகத்தையும் பழைய அச்சுப் பதிப்பையுமே நாட வேண்டியுள்ளது. காப்புக்கென அமைந்த தளம் ஆய்வுக்கும் தானே போதுமானதாகிவிடாது என்பதை இது உணர்த்துகின்றது.

4. பள்ளிக்கரணை: மக்கள் பதிவுத் தளங்கள்

2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணையின் பரப்பு ஏறத்தாழ 1,248 எக்டேர். இதன் பறவைகளைப் பற்றிய செய்திகள் இன்று பெருமளவில் பொதுமக்களின் பதிவுகளாகவே கிடைக்கின்றன. 2002இல் தொடங்கப்பெற்ற இ-பேர்டு, 2008இல் தொடங்கப்பெற்ற ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய இரண்டும் ஒத்தவை போலத் தோன்றினும் அடிப்படையில் வேறுபட்டவை.

இ-பேர்டில் பார்வையாளர் எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு கண்காணித்தார் என்பதையும், அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பட்டியலிட்டாரா என்பதையும் குறிக்கலாம். முழுப் பட்டியலில் ஒரு பறவை இடம்பெறவில்லை எனில் அதுவும் ஒரு செய்தியாகும். ஐநேச்சுரலிஸ்டில் பதிவுகள் பெரும்பாலும் ஒளிப்படத்துடன் கூடிய தனித்த பதிவுகளாகும். பலர் கூடி அதன் இனத்தை உறுதிசெய்வர். பூச்சி, செடி, நத்தை என எவ்வுயிரையும் பதியலாம். படத்தைப் பிறரும் சரிபார்க்கலாம். ஆனால் பதிவு இல்லாமை அங்கு உயிரினம் இல்லாமையைக் காட்டாது. எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தை ஆராய்வோர்க்கு முன்னையதும், இனங்களின் பட்டியலைத் தொகுப்போர்க்குப் பின்னையதும் ஏற்றவை.

2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு, ஆண்டுதோறும் அதே நாள்களில் பதிவு செய்வதால் ஒப்பீட்டிற்கு வழிகோலுகின்றது. எனினும் துரைப்பாக்கம்–பல்லாவரம் ஆரச்சாலை சதுப்புநிலத்தை ஊடறுத்துச் செல்வதால், சாலையிலிருந்து எளிதில் காணத்தக்க பகுதிகளிலேயே பதிவுகள் மிகும் வாய்ப்புண்டு. பதிவு அடர்ந்த இடமே பறவை அடர்ந்த இடம் எனக் கொண்டு சதுப்புநிலத்தின் உட்பகுதியைப் பயனற்றதெனக் கருதிவிடுதல் பெரும்பிழையாகும்.

5. 2015 வெள்ளம்: வரைபடத் தளமும் நீரின் வழியும்

2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அந்நாள்களில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் திறந்த வரைபடத்தை அடித்தளமாகக் கொண்டு, நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே சுட்டிக்காட்டும் இணைய வரைபடம் உருவாக்கப்பெற்றது. எந்தத் தெருவில் நீர் நின்றது என்னும் செய்தி அலுவலக அறிக்கைகளுக்கு முன்பே இவ்வகையில் திரண்டது.

அவ்வரைபடம் ‘எங்கே’ என்னும் வினாவிற்கு விடை தரும்; ‘ஏன்’ என்பதற்குத் தராது. வெள்ளத்தைப் பற்றிய பொது விவாதம் செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்த்திறப்பையே மையமாகக் கொண்டது. அவ்வேரியின் மிகைநீர் அடையாற்றுடன் கலப்பது திருநீர்மலை அருகில் ஆகும். முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய ஊர்கள் அக்கூடலுக்கு மேற்புறத்தில், ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளிலிருந்து வரும் நீரின் வழியில் அமைந்தவை. எனவே அவ்வூர்களின் வெள்ளத்திற்கு நேர்க்காரணத்தை மேற்புற ஏரிச்சங்கிலியிலும் அதன் வாய்க்கால்களிலும் தேட வேண்டும். இதற்கு உயரத் தரவு, செயற்கைக்கோள் படம், வருவாய்த்துறைப் புலப்படம் ஆகியவை ஒருங்கே தேவை. இஸ்ரோவின் புவன் தளம் செயற்கைக்கோள் படங்களை வழங்குகின்றது. ஆனால் வாய்க்காலின் பெயரும், மதகை யார் திறப்பது என்னும் வழக்கமும் அதில் இரா. செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியே பள்ளிக்கரணைக்குச் செல்லும் நீர்த்தொடருக்கும் இக்கூற்று பொருந்தும்.

6. ஊர்ப்பெயரும் ஆட்சி எல்லையும்

மேற்கண்ட தளங்கள் அனைத்தையும் ஒருங்கே பயன்படுத்த முனைவோர் எதிர்கொள்ளும் பொது இடர், இடத்தின் பெயராகும். தாம்பரம் வட்டாரம் பழைய ஆவணங்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 1997க்குப் பின் காஞ்சிபுரம் மாவட்டத்திலும், 2019க்குப் பின் புதிய செங்கல்பட்டு மாவட்டத்திலும் இடம்பெறுகின்றது. பள்ளிக்கரணை 2011இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. தாம்பரம் 2021இல் மாநகராட்சியாயிற்று. மாவட்டப் பெயரைக் கொண்டு தேடுபவர்க்கு ஓர் ஊரின் வரலாறு மூன்று துண்டுகளாகவே கிடைக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் இதனை மேலும் சிக்கலாக்குகின்றன. ஊரின் தமிழ்ப் பெயரையும் அகலாங்கு, நெட்டாங்கு அளவையும் சேர்த்துப் பதிவுசெய்தால் இவ்விடர் பெருமளவு நீங்கும். இதற்குப் பெருஞ்செலவும் தேவையில்லை.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

• நூலின் உருவை ஆராய்வோர்க்குப் படத் தளமும், சொல்லை ஆராய்வோர்க்கு எழுத்துத் தளமும் உரியன; தேடலின் எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிட்டபின்னரே கொள்ளுதல் வேண்டும்.

• தமிழ் ஆய்வேடுகளை ஒருங்குறியில் பெறுவதும், பழைய ஆய்வேடுகளுக்கு இயல்வாரியான தமிழ்ப் பொருட்குறிப்பு இணைப்பதும் உடனடித் தேவைகளாகும்.

• மரபறிவைக் காக்கும் தளத்தில் மூலமொழிப் பாடமும் இடம்பெறின் அது ஆய்வுக்கும் உதவும்.

• மக்கள் பதிவுகளைப் பயன்படுத்துவோர், பதிவு செய்யும் முறையையும் பதிவு எழுந்த இடத்தையும் ஆராய்ந்தே முடிவுரைத்தல் வேண்டும்.

• எல்லாத் துறைத் தரவுகளிலும் ஊர்ப்பெயரும் இட அளவும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

புறநகரின் ஏரிகளைப் பற்றிய அறிவு கல்வெட்டிலும், ஆய்வேட்டிலும், பறவைப் பட்டியலிலும், செயற்கைக்கோள் படத்திலும் சிதறிக் கிடக்கின்றது. ஒரு வாய்க்காலின் மீது வீட்டுமனை எழும்போது இவற்றுள் ஒன்றேனும் உரிய நேரத்தில் உரியவர் கையில் கிடைத்தால்தான் அவ்வறிவு பயன்படும். ஆகவே தளங்களை இணைக்கும் பணி, ஒவ்வொரு பருவமழையையும் எதிர்நோக்கும் அப்பகுதி மக்களின் வாழ்வோடு தொடர்புடைய பணியும் ஆகும்.