இணையமில்லா வழிகாட்டிச் செயலிகள்

வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் பதிவிறக்கிக்கொண்டால், இணையத் தொடர்பு இல்லாத இடத்திலும் வழி காட்டும் செயலிகள் இவை. கூகுள் மேப்ஸில் இவ்வசதி உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தும் ஆர்கானிக் மேப்ஸ் இதற்கென்றே உருவானது.

டவர் போனால் ஜி.பி.எஸ்.ஸும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளைக் கைப்பேசி நேரடியாகவே பெறுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் கிடைத்தால் இருப்பிடம் தெரிந்துவிடும். இணையம் வேண்டியிருப்பது வரைபடத்துக்குத்தான். அதை வீட்டிலேயே பதிவிறக்கிவிடலாம்.

ஆனால் சேமித்த வரைபடத்துக்கு இன்றைய நிலை தெரியாது. இணையமில்லாதபோது கூகுள் மேப்ஸ் நெரிசலையும் மாற்று வழிகளையும் காட்டாது. காலையில் விழுந்த மண்சரிவும் அதில் இராது. முதுமலையிலிருந்து மைசூரு செல்லும் சாலையில், பந்திப்பூர் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 மணி வரை பொது வாகனங்களுக்குத் தடை உண்டு. செயலியை மட்டும் நம்பிப் போனால் சோதனைச்சாவடியில்தான் அது தெரியவரும். திரும்பி வேறு வழியில் போகவும் வரைபடம் வேண்டுமே! ஆகவே போகும் சாலையை மட்டுமன்றி, சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்த்துப் பதிவிறக்குவது நல்லது.

ஜி.பி.எஸ். தொடர்ந்து இயங்கினால் மின்கலம் விரைவில் தீரும்; வண்டியில் சார்ஜர் இருக்கட்டும். நான் வழியிலுள்ள ஊர்ப் பெயர்களை ஒரு தாளிலும் எழுதிக்கொள்வேன். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள்.