வெண்கலமா, வெள்ளியா, தங்கமா?

அமெரிக்காவில் ஒருவருக்குக் கால் ஒடிந்தால், வலியைவிட ஆஸ்பத்திரி 'பில்'தான் அவரை அதிகமாகப் பயமுறுத்தும். வைத்தியச் செலவு அங்கே அவ்வளவு அதிகம்! அதனால் இன்சூரன்ஸ் இல்லாமல் குடும்பம் நடத்துவது ஆபத்து.

பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குக் கம்பெனியே இன்சூரன்ஸ் ஏற்பாடு செய்யும். 65 வயது ஆனவர்களுக்கு அரசாங்கத்தின் 'மெடிகேர்' இருக்கிறது. டாக்சி ஓட்டுபவரும், சிறு கடை வைத்திருப்பவரும் என்ன செய்வார்கள்?

அவர்களுக்காக அரசாங்கம் ஒரு சந்தை நடத்துகிறது.

சந்தை பிறந்தது

2010-ம் ஆண்டு ஜனாதிபதி ஒபாமா ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி 2013 அக்டோபரில் சந்தை திறந்தது. இது கம்ப்யூட்டரில் நடக்கும் சந்தை. பல கம்பெனிகளின் திட்டங்களை ஒரே இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. இன்சூரன்ஸ் கிடையாது" என்று முன்பு கம்பெனிகள் கைவிரித்தது உண்டு. 2014 முதல் அப்படிச் சொல்ல முடியாது. பழைய நோயைக் காட்டிக் கூடுதல் பணம் கேட்கவும் முடியாது.

நான்கு உலோகங்கள்

சந்தையில் உள்ள திட்டங்களுக்கு வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று பெயர். தங்கத்துக்கு நல்ல டாக்டர், வெண்கலத்துக்கு மட்டமான டாக்டர் என்று நினைக்கக் கூடாது. செலவைப் பங்கு போடும் விதத்தைத்தான் இந்தப் பெயர்கள் காட்டுகின்றன.

வைத்தியச் செலவு 100 டாலர் என்றால், சராசரியாக வெண்கலத்தில் கம்பெனி ஏறத்தாழ 60 டாலர் கொடுக்கும். வெள்ளியில் 70, தங்கத்தில் 80, பிளாட்டினத்தில் 90. மீதி நோயாளியின் தலையில்.

டிரைவர் போட்ட கணக்கு

குறைந்த வருமானம் உள்ள ஒரு டாக்சி டிரைவர் என்று வைத்துக் கொள்ளுங்கள். வெள்ளியைவிட வெண்கலத்துக்கு மாதம் 60 டாலர் குறைவு. 'ஆண்டுக்கு 720 டாலர் மிச்சம்' என்று வெண்கலத்தை வாங்கினார்.

அந்தத் திட்டத்தில், ஆண்டுக்கு முதல் 7,000 டாலர் செலவு அவருடையது. அதற்குப் பிறகுதான் கம்பெனி பணம் தரும். இந்த முதல் செலவுக்கு 'டிடக்டிபிள்' என்று பெயர்.

டிரைவருக்குக் கால் ஒடிந்தது. பில் 6,000 டாலர். முழுவதும் அவர் தலையில் விழுந்தது!

வெள்ளியில் முதல் செலவு 500 டாலர், அதன் பிறகு பத்தில் ஒரு பங்கு மட்டும் என்று இருந்திருந்தால்? 500-ம் 550-ம் சேர்ந்து 1,050 டாலரோடு போயிருக்கும். கூடுதலாகக் கட்டும் 720-ஐச் சேர்த்தாலும் 1,770 டாலர்தான்.

வெள்ளியின் ரகசியம்

வெள்ளியில் முதல் செலவு இவ்வளவு குறையுமா? குறையும். மாதப் பணம் கட்ட அரசாங்க உதவி பெறத் தகுதி உள்ளவர்கள், அதை எந்த உலோகத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் ஆஸ்பத்திரிச் செலவைக் குறைக்கும் தனிச் சலுகை வெள்ளிக்கு மட்டும்தான்! மிகக் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அந்த வெள்ளி 100-க்கு 94 வரை கொடுக்கும். பிளாட்டினத்தைவிட அதிகம்!

வாங்கும் முன்பு

வழக்கமான டாக்டரும் பக்கத்து ஆஸ்பத்திரியும் திட்டத்தின் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தினமும் சாப்பிடும் மருந்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்களில் நவம்பர் 1-ந் தேதி சந்தை திறக்கும். கடைசித் தேதி மாநிலத்துக்கு மாநிலம் மாறலாம். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். ஆனால் வேலை போய் இன்சூரன்சை இழந்தவர்களும், குழந்தை பிறந்த குடும்பமும் இடையில் சேரலாம். அதற்குப் பொதுவாக 60 நாள் தவணை உண்டு.

மாதம் எவ்வளவு என்பது முதல் கேள்வி. 'நோய் வந்தால் கையிலிருந்து எவ்வளவு?' என்பது இரண்டாவது கேள்வி. இரண்டையும் கேட்டவர்தான் ஏமாறாமல் வாங்குவார்.