பூனையின் பங்கும் புழுவின் வாழ்வும்

உடுப்பிட்டியில் வல்வெட்டித்துறை மீன் வந்து சேரும் வேளையிலே அடுக்களைப் புறத்திற் காணும் காட்சி யாவரும் அறிந்ததே. மீன் வெட்டுபவர் செதிளையும் செவுளையும் குடலையும் ஒருபுறம் ஒதுக்குவார். வேலியோரத்தில் அதுவரை துயில்வதுபோற் கிடந்த பூனை அதனை ஒரு நொடியிற் கவ்விச் செல்லும். சட்டியில் ஏறிய பங்கு புளியோடும் மிளகாயோடும் கொதித்துக் குழம்பாகின்றது; பூனையின் பங்கோ பச்சையாகவே வயிற்றுக்குட் போகின்றது. ஒரே மீனின் இவ்விரு பங்குகளுக்கும் உள்ள வேறுபாட்டிலேதான் மீன்வழிக் குடற்புழுக்களின் வாழ்வு தங்கியிருக்கின்றது.

ஆழ்கடல் மீனை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. குளத்திலும் ஓடையிலும், நன்னீரும் உவர்நீரும் கலக்கும் களப்பிலும் வாழும் மீன்களே இப்புழுக்களைச் சுமப்பவை. இவை தட்டைப்புழு இனத்தவை. ஹெற்றரோபியிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1851 ஆம் ஆண்டிலே கெய்ரோ நகரில் ஒரு பிரேதத்தின் குடலைச் சோதித்த ஜேர்மனிய வைத்தியர் தியோடர் பில்ஹார்ஸ் இக்குடும்பத்துப் புழுவொன்றை முதன்முதலாகக் கண்டார். 1911 இல் யப்பானியரான யோக்ககாவா போர்மோசாத் தீவில் வேறொன்றைக் கண்டார். பெரும்பாலானவை ஒரு மில்லிமீற்றர் நீளத்தையும் எட்டமாட்டா. முட்டையோ ஒரு மில்லிமீற்றரின் நூறில் மூன்று பங்கு அளவினது.

இத்துணைச் சிறிய உயிருக்கு வாய்த்த பயணம் மிக நீண்டது. பூனையின் மலத்தோடு நீரிற் சேரும் முட்டை அங்கே பொரிப்பதில்லை. நீர்நத்தை ஒன்று அதனை உண்ண வேண்டும். நத்தையின் உடலுள்ளே ஒரு முட்டையிலிருந்து பிறந்த உயிர் பலவாகப் பெருகி, வாலுடைய குடம்பிகளாக நீரில் வெளிவருகின்றது. குடம்பிக்கு இரண்டு கண்புள்ளிகளும் துடுப்புப்போன்ற விளிம்புடைய வாலும் உண்டு. அது மீனைத் தொட்டவுடன் வாலைக் கழற்றிவிட்டுத் தசைக்குள்ளோ செவுளுக்குள்ளோ புகுந்து, தன்னைச் சுற்றி ஒரு சிறைப்பையை அமைத்துக்கொண்டு காத்திருக்கும். அம்மீனைப் பூனையோ நாயோ கொக்கோ மனிதரோ பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்டாலன்றி அதற்கு விடுதலையில்லை.

ஆய்வாளருக்கு இங்கேதான் ஓர் இடர் எழுகின்றது. சிறைப்பைக்குள் இருக்கும் புழு முழு வளர்ச்சி பெறாதது. அதன் இனப்பெருக்க உறுப்புகள் நிறைவடைந்தபின்னரே இன்ன இனம் என்று துணிய முடியும். முட்டையைப் பார்த்துச் சொல்வதும் எளிதன்று. ஒரு குடும்பத்து முட்டைகள் தம்முள் ஒத்திருப்பது மட்டுமன்றி, ஈரலைத் தாக்கும் வேறு புழுவின் முட்டைகளையும் ஒத்திருக்கின்றன. எனவே புழுவை முதிரச் செய்ய ஒரு குடல் வேண்டும். மனிதருக்கு ஊட்டிப் பார்த்தல் தகாது. ஆகையால் நாயும் பூனையும் எலியும் ஹம்ஸ்ரர் என்னும் சிறு கொறிவிலங்கும் கோழிக்குஞ்சும் ஆய்கூடத்தில் விருந்துவழங்கிகள் ஆயின.

முதலில் மீனின் தசையை அரைத்து, பெப்சினும் ஐதரோகுளோரிக்கமிலமும் கலந்த நீரில் இட்டு, 37 பாகை வெப்பத்தில் வைப்பார்கள். இது கண்ணாடிப் பாத்திரத்தில் அமைத்த ஓர் இரைப்பை எனலாம். தசை கரைந்துபோகும், சிறைப்பை கரையாது. இரைப்பையைக் கடப்பதற்கென்றே அமைந்த கவசம் அதுவன்றோ! பின்னர் வடித்துக் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாக எண்ணி, மெல்லிய குழாய் வழியாக விலங்கின் வயிற்றிற் செலுத்துவார்கள். எண்ணுதல் வீண்வேலையன்று. நூறு கொடுத்து, பின்பு குடலில் நாற்பதைக் கண்டால் அவ்விலங்கு எத்துணை நல்ல இடம் என்பது தெரியவரும்.

சிறுகுடலை அடைந்ததும் அங்குள்ள பித்தமும் சமிபாட்டு நீர்களும் சிறைப்பையை நெகிழ்விக்கின்றன, புழு வெளிவருகின்றது. குடலின் உட்சுவரில் விரல்களைப்போல நீட்டிக்கொண்டிருப்பவை சடைமுளைகள். அவற்றின் அடியிலுள்ள குழிகளிலே புழு முதற் சில நாட்களைக் கழித்து, வளர வளர மேலேறிச் சடைமுளைகளின் இடையே தங்குகின்றது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிடத் தொடங்குவது வழக்கம். புழு மிகுந்த இடத்திற் சடைமுளைகள் குறுகித் தேய்கின்றன. அதனால் வயிற்றுநோவும் வயிற்றோட்டமும் உண்டாகின்றன.

எல்லா விலங்கும் ஒரே தன்மையினவல்ல. சுண்டெலியின் குடல் இவ்வேண்டா விருந்தாளியைச் சில வாரங்களில் வெளியேற்றிவிடுகின்றது. ஆயின், உடலின் எதிர்ப்பாற்றலை மருந்தினால் அடக்கிய சுண்டெலிகளில் புழு நெடுநாள் தங்குவதையும், குடற்சுவரில் மேலும் ஆழமாகப் புகுவதையும் கொரிய ஆய்வாளர் கண்டனர். விலங்குக்கு ஏற்பப் புழுவின் பருமனும் வேறுபடுகின்றது. ஒன்றையே இரண்டாகக் கருதி இரு பெயரிட்டு மயங்க இடமுண்டு. இம்மயக்கத்திற்குப் புழுவைக் குறைகூறுதல் நியாயமன்று.

நாயின் குடலிற் பிறந்த ஒரு பெயரின் வரலாறு இங்கே கருதத்தக்கது. 1916 இல் ஒன்ஜி, நிஷியோ என்னும் யப்பானிய அறிஞர் இருவர் மடவை மீனிலிருந்த சிறைப்பைகளை நாய்களுக்கு ஊட்டி, முதிர்ந்த புழுவைப் பெற்று விவரித்தனர். அதற்கு இன்று வழங்கும் பெயர் புரோசெரோவம் வேரியம். இந்தியாவில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உமாதேவி, மாதவி ஆகியோர் விசாகப்பட்டினத்தில் இப்புழுவின் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்களே 2006 இல் ஹப்லோர்க்கிஸ் பியூமிலியோ என்னும் உறவுப் புழுவின் வரலாற்றையும் வெளியிட்டனர். ஓடை நத்தையிலும் மீன்களிலும் இளம் பருவங்களையும், மடையானிலும் உண்ணிக்கொக்கிலும் முதிர்ந்த புழுவையும் அவர்கள் கண்டனர். பிறந்து ஒரு நாளேயான கோழிக்குஞ்சுகளில் அதனை வளர்த்தும் காட்டினர். ஒருநாட் குஞ்சை நாடுவதற்குக் காரணம் உண்டு. குளக்கரைக் கொக்கு எத்தனையோ மீன்களை உண்டு எத்தனையோ புழுக்களைச் சுமப்பது. இன்னும் இரை தேடித் திரியாத குஞ்சிற் காணும் புழுவோ ஊட்டிய மீனிலிருந்து வந்தது என்று துணியலாம்.

நாயிலும் குஞ்சிலும் கண்டறிந்த இச்செய்திகள் பல்லாண்டின்பின் தமிழகத்துச் சிறுவருக்குப் பயன்பட்டன. குளத்திலும் ஆற்றிலும் நீராடும் சிறுவர் சிலருக்குக் கண்ணினுள்ளே சிறு கட்டி தோன்றுவதை மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலையினர் கண்டனர். சத்திரசிகிச்சையால் அகற்றிய கட்டிகளையும், அச்சிறுவர் நீராடிய நீர்நிலைகளின் நத்தைகள் வெளியிட்ட குடம்பிகளையும் எடுத்து இரண்டின் மரபணுவையும் ஒப்பிட்டனர். 2016 இல் வெளியான முடிவின்படி இரண்டும் புரோசெரோவம் வேரியத்தையே மிகவும் ஒத்திருந்தன. அதுவரை காரணம் தெளிவுறாதிருந்த நோய்க்கு, ஒரு நூற்றாண்டின் முன் நாயின் குடலில் வளர்த்த புழுவின் பெயர் கிடைத்தது.

குடலுக்குரிய புழுவினம் கண்ணிற் காணப்பட்டது வழிதவறிய பயணம் எனலாம். இத்தகைய தவறு வேறிடத்தும் நேர்ந்ததுண்டு. 1930களில் மணிலா நகரில் காந்திதோ ஆபிரிக்கா என்பாரும் துணைவரும், இக்குடும்பத்துப் புழுவின் முட்டைகள் குருதியோடு சென்று இதயத்தில் தங்கியிருந்தமையைப் பிரேத பரிசோதனையிற் கண்டறிந்தனர்.

குடலில் தங்கிய புழுவுக்குப் பிரசிகுவான்ரல் என்னும் மருந்து உண்டு. மீனை நன்கு வேகவைத்தால் அம்மருந்தும் வேண்டுவதில்லை. கண்ணின் நிலை வேறு. மதுரைச் சிறுவருக்கு வந்த நோயின் வழி மீன்சட்டியன்று, குளத்து நீர். ஆகவே ஆய்வாளரின் பார்வை நத்தையின்மேற் சென்றது. மெலனோயிடெஸ் ரியூபர்கியூலாற்றா என்னும் அந்நத்தை நீண்டு கூம்பிய ஓடுடையது. இலங்கையின் நன்னீர்களிலும் வாழ்வது. அதனுட் பெரும்பாலானவை பெண்; ஆணின் துணையின்றியே குஞ்சுகளை ஈனுபவை. ஒரு குளத்தில் ஒன்றேயொன்று எஞ்சினாலும் மறுபடியும் அக்குளம் நத்தைகளால் நிறைந்துவிடும்.