குஞ்சுகளின் எண்ணிக்கை சரி, மணலின் சூடு எவ்வளவு?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் மீன்பிடித் தடை. இந்தத் தேதி நெருங்கும்போதெல்லாம் வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. விசைப்படகுகள் கரையில் நின்றுவிட்டால் ஆமைகள் பிழைத்துக்கொள்ளும்தானே? கோவளம், நெம்மேலி, மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று இரவெல்லாம் கடற்கரையில் நடக்கும் தன்னார்வலர்களுக்கு அதன் பிறகு என்ன வேலை?

முதல் கேள்விக்குப் பதில்: பெரிதாக நம்ப வேண்டாம். இந்தத் தடை மீன்களின் இனப்பெருக்கத்தை எண்ணிப் போடப்பட்டது, ஆமைகளை எண்ணி அல்ல. பங்குனி ஆமைகள் நம் கரைக்கு டிசம்பர் கடைசியிலிருந்தே வரத் தொடங்கி, பிப்ரவரி, மார்ச்சில் மிகுந்து, ஏப்ரலில் ஓய்ந்துவிடும். தாய் ஆமைகள் கரையோரக் கடலில் கூடியிருக்கும் மாதங்களில் படகுகள் ஓடுகின்றன. அவை முட்டையிட்டு முடித்துத் திரும்பும் நேரத்தில் தடை தொடங்குகிறது. 2025 ஜனவரியில் சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடக்கூடாது என்ற விதி அப்போதும் நடப்பில்தான் இருந்தது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் விலங்கு. மணிக்கணக்கில் இழுபடும் வலைக்குள் சிக்கினால் மூச்சுத் திணறிச் சாகும். விதி கடலில் நடைமுறையில் இருந்ததா என்பதற்கு ஒதுங்கிய உடல்களே சான்று.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீண்ட பதில் வேண்டும். தடைக்காலம் தொடங்கும்போது கோடையும் ஏறிவிடுகிறது. அந்த நாட்களில், தன்னார்வலர்கள் எடுத்துவந்த முட்டைகளைப் புதைத்துவைக்கும் பொரிப்பகத்தின் மணலுக்குள் நடப்பதைப் பற்றி எந்தச் செய்திக்குறிப்பும் பேசுவதில்லை.

நம்மைப் போல ஆமைக்குக் கருவுறும் கணத்திலேயே ஆணா பெண்ணா என்று முடிவாகிவிடுவதில்லை. முட்டை கிடக்கும் மணலின் வெப்பம்தான் அதை முடிவுசெய்கிறது. பங்குனி ஆமையின் முட்டை பொரிய ஏறத்தாழ 45 முதல் 55 நாள் ஆகும். அதை மூன்றாகப் பிரித்தால் நடுப்பகுதிதான் தீர்ப்பு நாட்கள். அப்போது மணல் சுமார் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து வரும். ஓரிரு டிகிரி குறைந்தால் பெரும்பாலும் ஆண், ஓரிரு டிகிரி கூடினால் பெரும்பாலும் பெண். இன்னும் ஏறி 35-ஐத் தாண்டி நீடித்தால் கரு முட்டைக்குள்ளேயே வெந்து போகும். ஒரு குழியில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கின்றன. வளரும் கருக்களும் தங்கள் பங்குக்கு வெப்பத்தை வெளியிடுவதால், குழியின் நடுவே சூடு சுற்று மணலைவிடக் கூடுதலாக இருக்கும்.

இதைப் பருவத்தோடு வைத்துப் பாருங்கள். ஜனவரியில் இட்ட முட்டை பனிக்காலத்துக் குளிர்ந்த மணலில் வளர்கிறது. ஆண் குஞ்சுகளுக்கு வாய்ப்பு அங்கேதான் அதிகம். மார்ச் கடைசியில் இட்ட முட்டைக்கு அந்த நடுப் பதினைந்து நாள், ஏப்ரல் 15-ஐ ஒட்டியே வந்து சேர்கிறது. ஆகவே பொரிப்பகத்தைப் பொறுத்தவரை ஏப்ரல் 15 என்பது நிழல் போட வேண்டிய கெடு. கீற்றோ பச்சை வலையோ மேலே கட்டாமல் வெட்டவெளியில் விட்டால், அந்தப் பருவக் கடைசிக் குழிகளிலிருந்து வருபவை ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருக்கலாம், அல்லது வராமலே போகலாம். அதற்காக ஜனவரியிலேயே அடர்த்தியாக நிழல் கட்டினால் மறுபக்கம் சாய்ந்துவிடும். தண்ணீர் தெளித்துக் குளிரவைக்கலாம் என்றால், மிகுந்த ஈரத்தில் முட்டைக்குக் காற்று கிடைக்காது, பூஞ்சையும் பிடிக்கும்.

இயற்கையான கரையில் இந்தச் சமன் தானாகவே அமைகிறது. ஒரு தாய் ஈரம் மிகுந்த இடத்தில் தோண்டும், இன்னொன்று கொடிகளின் ஓரத்தில், மற்றொன்று மேட்டில். பொரிப்பகம் என்ற வேலிக்குள் எல்லா முட்டைகளையும் ஒரே இடத்து மணலில் வரிசையாகப் புதைக்கும்போது, அந்தப் பன்மை போய்விடுகிறது. அந்த ஊர்க் கரையின் ஒரு பருவத்துக் குஞ்சுகள் ஆணா பெண்ணா என்பதை, நிழலை எப்போது கட்டுவது என்று முடிவு செய்யும் ஒரு மனிதர் தீர்மானிக்கிறார். எனக்கு இதுதான் கவலை தருகிறது. பொரிப்பகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருநாய்களும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதி விளக்குகளும், கற்களைக் கொட்டி மணலைச் சுருக்கிய கரைகளும் உள்ள இடத்தில் முட்டையை அப்படியே விட்டுவர முடியாதுதான். ஆனால் குழி பாதுகாப்பாக இருக்கும் இடத்தில் இருந்தபடியே காவல் காப்பதுதான் முதல் வழி, எடுத்துச் செல்வது கடைசி வழி. அறிவிப்புகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. எத்தனை முட்டை சேகரிக்கப்பட்டது, எத்தனை குஞ்சு கடலில் விடப்பட்டது என்பதையே பாதுகாப்பு என்று வனத்துறை குறிக்கிறது. எந்தக் குழி எத்தனை டிகிரியில் இருந்தது என்பதும் அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். ஒரு சிறிய வெப்பப் பதிவுக் கருவியைக் குழிக்குப் பக்கத்தில், முட்டை இருக்கும் ஆழத்தில், ஏறத்தாழ ஒன்றரை அடிக்குப் புதைத்து வைத்தால் போதும்.

இதைக் கேட்கும் உரிமை தன்னார்வலர்களுக்கு உண்டு. இந்த வேலையின் முறையே அவர்களிடமிருந்து வந்ததுதான். 1970-களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேகரின் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சுற்றித் திரண்ட இளைஞர்கள் இந்தக் கரையில் இரவு நடையைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான சதீஷ் பாஸ்கர் பின்னாளில் இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே ஆய்வு செய்தார். 1988-இல் சென்னை மாணவர்கள் கடல் ஆமைப் பாதுகாப்புக்காகத் தங்கள் அமைப்பைத் தொடங்கினார்கள். 2002-இல் சுப்ரஜா தாரிணி தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை மீனவ இளைஞர்களையே காவலர்களாக்கியது. கடற்கரை புறம்போக்கு, பொது நிலம். அதைக் கண்விழித்துக் காப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் இல்லாதவர்கள், அல்லது மிகச் சொற்பத் தொகை பெறும் குப்பத்து இளைஞர்கள்.

கடலில் விடும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். குஞ்சுகள் இரவில்தான் மணலைவிட்டு மேலேறும். அந்த வேகத்தில், வயிற்றில் மிச்சமுள்ள மஞ்சள் கருவின் பலத்தில், முதல் நாள் முழுக்க ஓயாமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போய்விட வேண்டும். விருந்தினர் வரட்டும் என்று கூடையில் காத்திருக்க வைத்தால், அந்தப் பலம் கூடையின் சுவரைப் பிறாண்டுவதிலேயே தீர்ந்துவிடும். விடியலில் விட்டால் காகமும் பருந்தும் தயாராக இருக்கின்றன. படம் நன்றாக வரும் நேரம் குஞ்சுக்குக் கெட்ட நேரம். மேலேறிய இரவே, தண்ணீரிலிருந்து சில அடி தள்ளி விட்டு, தானாக மணலில் தவழ்ந்து போக விடுவதுதான் முறை. ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடவும் கூடாது, மீன்கள் அங்கே காத்திருக்கக் கற்றுக்கொள்ளும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

முட்டையை எத்தனை மணி நேரத்துக்குள் மாற்றலாம்? ஆறு மணி நேரத்துக்குள், உருட்டாமல், திருப்பாமல். பிறகு கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், அசைந்தால் செத்துவிடும்.

நானே தடம் பார்த்துக் குழியைத் தோண்டலாமா? கூடாது, பங்குனி ஆமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு மட்டுமே போகலாம்.

ஆமை தப்பிக்கும் கருவியை வலையில் பொருத்தினால் தீராதா? சாய்வான கம்பித் தடுப்பும் அதன் மேல் ஒரு திறப்பும்தான் அது, வேலை செய்யும். பிடியில் ஒரு பங்கு குறையும் என்பதால் காசிமேட்டுப் படகுகள் தயங்குகின்றன, துறைமுகத்தில் வலையை விரித்துப் பார்க்கும் சோதனை வேண்டும்.

தடைக்காலம் நாட்டுப்படகுக்கும் உண்டா? இல்லை.

என் விடுதி கடலைப் பார்த்து இருக்கிறது, என்ன செய்ய? ஜனவரி முதல் மே வரை கடல் பக்க விளக்குகளை இரவில் அணையுங்கள். குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கமே போகும்.

நடை முடிந்துவிட்டது, மே மாதம் வந்தால் வேலை உண்டா? உண்டு: பொரித்த குழியைத் தோண்டி வெற்று ஓடுகள், பொரியாதவை, பாதி வளர்ந்து செத்தவை என்று பிரித்து எண்ணிக் குறிக்க வேண்டும். பாதி வளர்ந்து செத்தவை மிகுந்த குழிகள் ஏப்ரலின் வெயிலில் நிழலின்றிக் கிடந்தவையா என்று, குறிப்பேட்டில் உள்ள புதைத்த தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.