மூன்று தறிக்கு ஒரு ஆள்!

பம்பாய் பரேல், லால்பாக் வட்டாரத்தில் 'கிர்ணி' என்றால் பஞ்சாலை. இரண்டு தறி பார்த்த நெசவாளி இனி மூன்று தறி பார்க்கவேண்டும் என்று 1928-ல் முதலாளிகள் கிளம்பினார்கள். ஆட்குறைப்பு என்பது யாருக்குத்தான் புரியாது? சுமார் ஒன்றரை லட்சம் பேர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம் செய்தனர்.

அதன் நடுவே, மே மாதத்தில் பிறந்ததுதான் செங்கொடிச் சங்கமான கிர்ணி காம்கார் யூனியன். பொதுச்செயலாளர் டாங்கே. தொடக்கத்தில் உறுப்பினர் 324 பேர்; ஆண்டு முடிவில் 54 ஆயிரம்! மேடைப் பேச்சுக்கு மட்டும் சேர்ந்த கூட்டமல்ல. ஆலைக்கு ஆலை தொழிலாளரே கமிட்டி அமைத்தனர். வேலை கொடுப்பதும் பறிப்பதும் மேஸ்திரி கையில் இருந்த காலம் அது. அவர்முன் கைகட்டி நின்றவர்கள், குறைகளைக் கமிட்டியில் சொல்லத் தொடங்கினார்கள்.

1929 மார்ச் 20-ல், மீரத் சதி வழக்கில் டாங்கே உள்ளிட்ட தலைவர்கள் கைதாயினர். ஏப்ரலில் மறுபடியும் வேலைநிறுத்தம். இம்முறை தோல்வி, உறுப்பினர் எண்ணிக்கையும் மளமளவென்று சரிந்தது.